பரலோகத்தை நம்புகிறவர்கள் பூமியைக் கைவிடுகிறார்களா? லெ ஷாம்போன் ஊரை வைத்து ஒரு விவாதம்

தேரிக்காட்டான் | செவ்வாய், இரவு 9.40

பக்கத்து இழையில் மறுகரை ஒரு வரி எழுதியிருந்தார். மேலே ஓர் உலகம் காத்திருக்கிறது என்று நம்புகிறவன் இந்த உலகத்துக்காகத் துரும்பைக்கூடக் கிள்ளிப்போட மாட்டான் என்று. அங்கேயே பதில் போட்டால் பேச்சு தேர்தல் பக்கம் போய்விடும் என்பதால் தனி இழை.

இந்தக் கேள்விக்கு நம் ஆட்கள் ஒரு தயார்ப் பதில் வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடம் கட்டினோம், ஆஸ்பத்திரி கட்டினோம், வேலூரைப் பாருங்கள் என்பார்கள். வேலூர் பெரிய விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் வெளிநாட்டுப் பணம், மிஷன் அமைப்பு, வெள்ளைக்காரன் ஆட்சி எல்லாம் சேர்ந்து கிடக்கிறது. விசுவாசத்தின் பங்கை மட்டும் பிரித்துக் காட்டு என்றால் திணற வேண்டியிருக்கும். அதனால், செய்தால் நஷ்டம்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்.

பிரான்ஸின் நடுத்தெற்கில், கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரத்தில், லெ ஷாம்போன்-சுர்-லின்யோன் என்று ஓர் ஊர். கத்தோலிக்கர் நிறைந்த நாட்டில் அந்த மேட்டுநிலத்தில் மட்டும் புராட்டஸ்டன்ட்டுகள் அதிகம். 1940 ஜூன் 22 அன்று பிரான்ஸ் ஹிட்லரோடு போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டது. மறுநாள் ஞாயிறு. போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயும், அவருக்குத் துணைப் போதகராகவும் ஊர்ப் பள்ளியின் தலைவராகவும் இருந்த எதுவார் தெய்ஸும் ஆராதனையில் ஓர் அறிக்கை வாசித்தார்கள். மனசாட்சியை நெரிக்க வரும் பலவந்தத்தை ஆவியின் ஆயுதங்களால் எதிர்ப்பது கிறிஸ்தவனின் கடமை, நற்செய்திக்கு விரோதமான கட்டளை வந்தால் கீழ்ப்படிய மாட்டோம், பயமில்லாமல் எதிர்ப்போம், அகந்தையும் பகையும் இல்லாமல் எதிர்ப்போம். இதுதான் சாரம்.

பிரசங்கம் யார் வேண்டுமானாலும் பண்ணலாம். அடுத்த நான்கு வருஷம் அந்த ஊரும் சுற்றியிருந்த பண்ணை வீடுகளும் செய்ததுதான் விஷயம். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்கள், தெற்கு பிரான்ஸின் தடுப்பு முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகள் என்று ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். தங்க இடம் கிடைத்தது, கள்ள ரேஷன் கார்டு கிடைத்தது, சிலரை சுவிஸ் எல்லை வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். 1942 ஆகஸ்டில், ஹிட்லரோடு ஒத்துப்போன பிரெஞ்சு அரசின் போலீஸ் பஸ்களோடு வந்து இறங்கி யூதர்களின் பட்டியல் கேட்டது. யூதர் யார் என்று எங்களுக்குத் தெரியாது, மனிதர்களைத்தான் தெரியும் என்று த்ரோக்மே சொன்னதாகச் சொல்வார்கள். வாரக்கணக்கில் தேடியும் சிக்கியது ஒரே ஆள். அவரைத் தனியாக பஸ்ஸில் உட்கார வைத்திருந்தபோது ஊரே வரிசையில் வந்து ஜன்னல் வழியாகத் தின்பண்டம் கொடுத்தது. போதகரின் மகன், சின்னப் பையன், தன்னிடம் இருந்த போலி சாக்லேட் துண்டைக் கொடுத்தான். போர்க்காலத்தில் நிஜ சாக்லேட்டுக்கு எங்கே போவது? அந்த ஆளையும் பிறகு விட்டுவிட்டார்கள்.

என் கேள்வி: இதில் அவர்களுடைய விசுவாசம் ஏதாவது வேலை செய்ததா? அல்லது நல்லவர்கள், நல்லது செய்தார்கள், கூடவே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போனார்கள், அவ்வளவுதானா?

மறுகரை | செவ்வாய், இரவு 10.25

கடைசி வரியில் நீங்களே பதிலையும் எழுதிவிட்டீர்கள். அவ்வளவுதான்.

1933 ஜூலையில் ஜெர்மனியில் புராட்டஸ்டன்ட் சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. யூத வம்சாவளி போதகர்களை வெளியேற்ற வேண்டும் என்று கேட்ட 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' அணி பெருவாரியாக ஜெயித்தது. அவர்களும் பைபிள் வாசித்தார்கள், அவர்களும் உயிர்த்தெழுதலை நம்பினார்கள். ஒரே மருந்தைச் சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவன் பிழைத்து ஒருவன் செத்தால், பிழைத்தவன் மருந்தால் பிழைத்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டார்.

ஊர் மக்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையை எடுத்துக் கொண்டுபோய் மதத்தின் கணக்கில் வரவு வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மேல்வீட்டறை | செவ்வாய், இரவு 10.51

"அப்படியே விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும்." யாக்கோபு 2:17. ஆமென்.

மட்டுறுத்துனர் | செவ்வாய், இரவு 11.02

வசனம் போடலாம். வசனத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகக்கூடாது. இழை விதி 4.

தேரிக்காட்டான் | புதன், காலை 6.15

மறுகரை, ஜெர்மனி விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. 'விசுவாசம்' என்ற ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு எதையும் விளக்க முடியாது என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் இரண்டு பேரும் ஒரே மருந்தைத்தான் சாப்பிட்டார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஷாம்போன் மக்கள் ஹியூகனோ வம்சம், அதாவது பிரான்ஸின் பழைய புராட்டஸ்டன்ட்டுகள். 1685இல் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்ட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்ட் சாசனத்தை ரத்து செய்தபோது பிரான்ஸில் புராட்டஸ்டன்ட்டாக இருப்பதே குற்றமாகிப்போனது. 1787 வரைக்கும், அதாவது நூறு வருஷத்துக்கு மேல், காட்டிலும் மலை இடுக்கிலும் திருட்டுத்தனமாகத்தான் ஆராதனை. பிடிபட்ட போதகருக்குத் தூக்கு, ஆண்களுக்குக் கப்பல் துடுப்பு, பெண்களுக்குச் சிறை. மரீ துராந் என்ற பெண்ணை 1730இல் எக்-மோர்த் கோட்டையில் அடைத்தார்கள். 1768இல்தான் வெளியே விட்டார்கள். முப்பத்தெட்டு வருஷம். விசுவாசத்தை விட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தச் சிறைக் கல்லில் 'எதிர்த்து நில்' என்று கீறியிருக்கிறது, அவர் கீறியது என்பார்கள். இந்தக் கதையைத்தான் ஷாம்போன் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தார்கள்.

ஜெர்மனியில் சபை அரசாங்கத்தின் மடியில் உட்கார்ந்து வளர்ந்தது. போதகருக்குச் சம்பளமே அரசு வசூலிக்கிற வரியிலிருந்து போனது. இங்கே அரசாங்கத்துக்குத் தெரியாமல் ஆளை ஒளித்து வைப்பது பாட்டன் காலத்துப் பழக்கம்.

மறுகரை | புதன், காலை 8.30

சரி, அப்படியென்றால் அது சிறுபான்மையினரின் நினைவு. வரலாறு. விசுவாசத்துக்கு அதில் என்ன வேலை? அடிபட்ட எந்தக் கூட்டத்துக்கும் அது பொருந்துமே.

லியோன்வாசி | புதன், மதியம் 1.10

நான் இருப்பது லியோனில், ஷாம்போன் இங்கிருந்து காரில் போய் மாலைக்குள் திரும்பிவிடும் தூரம். போயிருக்கிறேன். அலங்காரம் ஒன்றும் இல்லாத கருங்கல் கோயில். வாசலுக்கு மேலே 'ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்' என்று கல்லில் எழுத்து. பக்கத்திலேயே 2013இல் திறந்த நினைவகம். ஏப்ரல் மாதம் போனேன், அப்போதும் காற்று முகத்தை அறுத்தது. குளிர்காலத்தில் பனியை வாரி வீசும் அந்தக் காற்றுக்கு அங்கே பூர்ல் என்று பேர்.

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். இணையத்தில் ஐயாயிரம் யூதர்கள் காப்பாற்றப்பட்டார்கள் என்று ஓர் எண் சுற்றுகிறது. ஆராய்ச்சியாளர்கள் பலர் அதைவிடக் குறைவாகத்தான் சொல்கிறார்கள். ரகசியமாகச் செய்த வேலைக்கு யார் பேரேடு வைத்திருப்பார்கள்? அப்புறம், இது ஒரே ஊரின் வேலையும் இல்லை. மேட்டுநிலம் முழுக்கச் சேர்ந்து செய்தது. போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர்கள் பணம் தந்தார்கள், சுவிஸ் உதவி அமைப்பு பிள்ளைகள் விடுதிகள் நடத்தியது, யூத அமைப்புகளே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தன. கள்ள அடையாள அட்டைகளைத் தயாரித்த கைகளில் முக்கியமானவை ஒஸ்கார் ரொசோவ்ஸ்கி என்ற யூத இளைஞரின் கைகள். 1990இல் இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவகமான யாட் வஷெம் கௌரவித்தபோது சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துத்தான் கௌரவித்தது. போதகர் ஒருவரே தலைமேல் தூக்கிச் சுமந்த மாதிரி எழுதுவது அந்த ஊர்க்காரர்களுக்கே பிடிக்காது.

கருப்பட்டிக் காபி | புதன், மாலை 4.45

எல்லோரும் போதகரையே பேசுகிறீர்கள். அவர் வீட்டுக்காரம்மாவை யாரும் காணோமே அண்ணே?

மக்தா த்ரோக்மே. இத்தாலியில் பிறந்தவர். 1940 கடைசியில் பனி கொட்டிக் கிடந்த நேரத்தில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஒரு யூதப் பெண் வந்து கதவைத் தட்டினார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டு அடுப்படியில் உட்கார வைத்தார். நனைந்த செருப்பைக் காயட்டும் என்று அடுப்பில் வைத்ததில் அது கருகிப்போனது. தோல் செருப்பே கிடைக்காத காலம், அந்தப் பெண்ணுக்கு இன்னொரு ஜோடிக்கு அலைந்தார். இப்படித்தான் எல்லாம் ஆரம்பித்தது. கோயில் மேடையில் ஆரம்பித்ததாக நான் நினைக்கவில்லை.

1943 பிப்ரவரி 13 ராத்திரி போலீஸ் அதிகாரிகள் போதகரைக் கைது பண்ண வந்தார்கள். அவர் வெளியே போயிருந்தார், காத்திருந்தார்கள். வந்ததும் பெட்டி கட்ட வேண்டும். அந்த நேரம் ராச்சாப்பாட்டு நேரம். மக்தா வந்தவர்களையும் சாப்பிட உட்காரச் சொல்லிவிட்டார். பிற்பாடு எல்லோரும் இதை அதிசயமாகக் கேட்டபோது அவருக்கு எரிச்சலே வந்தது. சாப்பாட்டு வேளை, வீட்டில் ஆள் நிற்கிறார்கள், வேறென்ன செய்வது என்று பதில். எனக்கு அந்த எரிச்சல் நன்றாகப் புரிகிறது. எங்கள் ஆச்சியும் அப்படித்தான், ஜப்தி பண்ண வந்தவனுக்கும் மோர் கொடுத்திருப்பார்.

மக்தா வசனம் பேசுகிற ரகமில்லை. கணவருடைய பக்தி வேறு, அவருடைய சுபாவம் வேறு. தினம் வந்து இறங்குகிற ஆட்களுக்குப் படுக்கை எங்கே, சோறு எங்கே, எந்த வீட்டுக்காரிக்கு வாய் அடங்கும் என்று கணக்குப் போட்டது அவர்தான். விசுவாசம் என்ன செய்தது என்று கேட்டால், அடுப்படிக்குள் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மேல்வீட்டறை | புதன், இரவு 8.20

மட்டுறுத்துனருக்கு மரியாதை கொடுத்து இந்த முறை விரிவாக எழுதுகிறேன்.

மறுகரை ஐயா, இரண்டாம் வருகைக்குக் காத்திருக்கிற எங்களைப் போன்றவர்களைப் பற்றித்தான் உங்கள் கேலி முழுவதும் என்று எனக்குத் தெரியும். ஆண்டவர் நாளைக்கு வந்துவிடுவார் என்பவன் இன்றைக்கு எதற்குக் கிணறு வெட்டுவான் என்று போன மாதம்கூட எழுதினீர்கள்.

அந்த மேட்டுநிலத்தில் சீர்திருத்த சபைக்காரர் மட்டும் இல்லை. டார்பிஸ்டுகள் என்று ஒரு கூட்டம் கிராமங்களில் பரவி இருந்தார்கள். ஜான் நெல்சன் டார்பியின் வழிவந்த சகோதரர் சபையார். நம்மூரிலும் பிரதரன் சபை இருக்கிறதே, அந்தக் குடும்பம்தான். டார்பியோடு பழகிய குரோவ்ஸ் என்ற மிஷனரிதான் 1830களில் இந்தியாவுக்கு வந்தார், திருநெல்வேலிச் சீமையின் அருளப்பன் அவரிடம் பழகியவர்.

இவர்களுக்குத் தனியாகப் போதகர் கிடையாது, மேடை கிடையாது. கர்த்தருடைய வருகை எந்த நிமிஷமும் இருக்கலாம் என்று நம்பினவர்கள். உலகக் காரியங்களில் ஒட்டாமல் வாழ்ந்தவர்கள். உங்கள் கணக்குப்படி இவர்கள்தான் முதலில் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். ஆனால் யூதப் பிள்ளைகளைக் களத்து மேட்டிலும் வைக்கோல் பரணிலும் ஒளித்துவைத்த விவசாயிகளில் இவர்கள் கணிசம். பழைய ஏற்பாட்டை வரிவரியாக மனப்பாடம் பண்ணினவர்களுக்கு, வாசலில் நிற்கிறவர் ஆபிரகாமின் பிள்ளை என்பது பெரிய விஷயம். விளம்பரம் இல்லாமல் செய்தார்கள். பிறகும் பேசவில்லை. அதனாலேயே புத்தகங்களில் இவர்களுக்கு இடம் குறைச்சல்.

வருகைக்குக் காத்திருக்கிறவன் வீட்டுக்காரன் இல்லாத நேரத்தில் வேலையை ஒழுங்காய்ச் செய்கிற ஊழியக்காரன். அப்படித்தான் எங்களுக்குப் போதித்திருக்கிறார்கள்.

மறுகரை | புதன், இரவு 10.05

இது நல்ல தகவல், எனக்குத் தெரியாது. கிணறு கேலியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இரண்டு சிக்கல்.

ஒன்று. போதகர், யூதர் என்று யாரையும் தெரியாது, மனிதர்தான் தெரியும் என்கிறார். டார்பிஸ்டோ, அவர் யூதர், தேவனுடைய ஜனம், அதனால் கதவைத் திறக்கிறேன் என்கிறார். ஒரே ஊரில் ஒரே செயலுக்கு நேரெதிரான இரண்டு இறையியல். மக்தாவுக்கு இரண்டுமே வேண்டியிருக்கவில்லை, சாப்பாட்டு வேளை போதும். அப்படியென்றால் செயலைத் தீர்மானித்தது இறையியல்தானா?

இரண்டு. 1942 ஆகஸ்டிலிருந்து அதே மேட்டுநிலத்தில், ஷாம்போனுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி லெ பனெலியே என்ற இடத்தில், காசநோயோடு ஒரு எழுத்தாளர் தங்கியிருந்தார். ஆல்பெர் காம்யு. கடவுள் இல்லை, பரலோகம் இல்லை, கடைசியில் நியாயம் வெல்லும் என்ற உத்தரவாதமும் இல்லை என்று எழுதியவர். அங்கிருந்து போய் பாரிஸில் நாஜி எதிர்ப்பு இயக்கத்தின் ரகசியப் பத்திரிகையை நடத்தினார். பரலோக நம்பிக்கை கொஞ்சமும் இல்லாமல் அதே ஆபத்தை எடுத்தார். அப்படியானால் நம்பிக்கை எதற்கு? அதைக் கழித்துவிட்டாலும் விடை மாறவில்லையே.

தேரிக்காட்டான் | வியாழன், காலை 6.05

ராத்திரி முழுக்க யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

காம்யு தனி மனிதர். நம்பிக்கை இல்லாமல் தைரியமாக இருந்த தனி மனிதர்கள் எத்தனையோ பேர் உண்டு, அவர்களிடம் போய் உனக்குத் தெரியாமலே நீ விசுவாசி என்று சொல்வதெல்லாம் அசிங்கம். எனக்கு ஆச்சரியம் தனி மனிதர்கள் இல்லை, ஊர். ஆயிரக்கணக்கான பேர் நான்கு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது. காட்டிக்கொடுத்தால் லாபம் கிடைக்கும் காலம் அது. நம் ஊரில் பக்கத்து வீட்டில் புதுசாக மிக்ஸி வாங்கினாலே மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

இதற்கு விசுவாசம் கொடுத்தது ஓர் ஏற்பாடு. த்ரோக்மே வாலிபர்களில் பதின்மூன்று பேரைத் தேர்ந்து பயிற்சி கொடுத்திருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரோடு உட்கார்ந்து வேதபாடம் படிப்பார்கள். பிறகு ஆளுக்கொரு பகுதிக்குப் போய் அங்கே தங்கள் குழுவோடு அதே பாடத்தை நடத்துவார்கள். போர் வந்தபோது எந்த வீட்டில் இடம் இருக்கிறது, யார் வந்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் போலீஸ் என்ற செய்தியெல்லாம் இந்த வழியாகத்தான் போய்வந்தது. புதுசாக ஒரு ரகசிய இயக்கம் கட்டவில்லை. இருந்த வேதபாடக் குழுக்களே போதுமாயிருந்தது. அடைக்கலப் பட்டணம் பற்றி உபாகமத்தில் வருகிறதே, குற்றமில்லாதவன் ரத்தம் உன் தேசத்தில் சிந்தப்படாதிருக்க என்று, அந்தப் பகுதியை அவர்கள் பாடமாகவும் படித்தார்கள், அதன்படி ஊரையும் நடத்தினார்கள்.

இன்னொரு காட்சி. 1941இல், ஹிட்லரோடு ஒத்துப்போன அந்த அரசின் தலைவர் மார்ஷல் பெத்தானைக் கொண்டாட எல்லாக் கோயில்களிலும் குறிப்பிட்ட நேரத்தில் மணியடிக்க வேண்டும் என்று உத்தரவு. த்ரோக்மே மறுத்துவிட்டார். மணியடிக்கிற வேலை அமெலி என்ற ஒரு சின்ன உருவப் பெண்மணிக்கு. கோடைக்கு வந்து தங்கியிருந்த சீமாட்டிகள் இரண்டு பேர் கோயிலுக்கே போய், அடி என்று அதட்டியிருக்கிறார்கள். மணி மார்ஷலுடையது இல்லை, தேவனுடையது என்று அந்தம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றார். வெளியே மழை. நனைந்து சலித்துப்போய் அவர்கள் திரும்பிவிட்டார்கள். மறுநாள் போதகர் கேட்டபோதுதான் இந்தக் கதையே வெளியே வந்தது.

மணிக்கு 'மாட்டேன்' என்று சொல்லிப் பழகிய ஊருக்கு, அடுத்த வருஷம் பட்டியல் கேட்டபோது அதே வார்த்தை எளிதாக வந்தது. என்னைக் கேட்டால் பரலோக நம்பிக்கை அவர்களுக்குத் தந்தது இதைத்தான்: கடைசி நீதிபதி மார்ஷல் இல்லை என்ற நிச்சயம். அது இருந்தால் சின்னச் சின்ன விஷயத்திலேயே ஒத்திகை பார்க்க முடிகிறது. இரண்டு இறையியல் எப்படி ஒரே கதவைத் திறந்தது என்ற கேள்விக்கும் என் பதில் இதுதான். அந்த ஒரு நிச்சயம் போதகருக்கும் டார்பிஸ்டுக்கும் பொது.

மறுகரை | வியாழன், காலை 9.15

இது யோசிக்க வேண்டிய பதில். ஒரு கம்யூனிஸ்ட் கிளைக் கூட்டமும் இதே வேலையைச் செய்திருக்கும் என்பேன். பிரான்ஸில் செய்தும் இருக்கிறது. ஆனால் அவர்களிடமும் ஒரு 'கடைசி நீதிபதி' இருந்தார் என்று நீங்கள் சொல்வீர்கள், அதனால் இப்போதைக்கு நிறுத்துகிறேன்.

கல்லறைத் தெரு | வியாழன், மதியம் 12.40

நான்கு தலைமுறைக் கத்தோலிக்கன். பறைத்தெரு. எவ்வளவு நேரம்தான் பிரான்ஸிலேயே இருப்பது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வடக்கன்குளம் கோயிலைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஒரே பீடம், அதிலிருந்து இரண்டாகப் பிரிந்து நீளும் இரண்டு கூடங்கள். கால்சட்டைக் கோயில் என்று பெயரே உண்டு. ஒரு சாதிக்கு ஒரு கால். சாமியார் நடுவில் நின்று பூசை வைப்பார், இந்தக் காலில் இருப்பவனுக்கு அந்தக் காலில் இருப்பவன் தெரிய மாட்டான். 1910இல் கௌசானல் சாமியார் தடுப்பை உடைத்தார். அதற்குக் கோர்ட்டு வரைக்கும் போனார்கள். போனவர்களும் விசுவாசிகள். செபமாலை சொல்லிவிட்டுத்தான் வக்கீலைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர். பெயர் சொல்ல விரும்பவில்லை. என் தாத்தாவைச் சுவருக்கு இந்தப் பக்கம் புதைத்தோம். அடக்கப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தார், பரலோகத்தில் பேதமில்லை என்று. சுவர் அவர் நிற்கிற இடத்திலிருந்து பத்தடி. தலையைத் திருப்பினால் தெரியும்.

அதனால் நம்பிக்கை மனிதனை எப்படி நடக்க வைக்கிறது என்று கேட்டால் எனக்கு இரண்டு பதிலும் வீட்டிலேயே இருக்கிறது. பொறு, மேலே பலன் உண்டு என்று எங்களை உட்கார வைத்ததும் அதே நம்பிக்கை. கடவுள் சாயலில் படைக்கப்பட்டவள் நான், நீ யாருடா என்னைத் தள்ளி நிற்கச் சொல்ல என்று என் அம்மாச்சி பண்ணையாரைக் கேட்டதும் அதே நம்பிக்கை. அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஞானோபதேசம் மட்டும் மனப்பாடம். யார் வாயிலிருந்து யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து அது வேறு வேலை செய்கிறது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குச் சொன்னால் தாலாட்டு. கீழே இருப்பவனே தனக்குச் சொல்லிக்கொண்டால் அது வேறு.

தேரிக்காட்டான் அண்ணன் சொன்ன 'கடைசி நீதிபதி' எங்கள் ஊரிலும் உண்டு. சுவர் கட்டினவனுக்கு மட்டும் அவர்மேல் பயமில்லை.

மட்டுறுத்துனர் | வியாழன், மதியம் 2.00

மேலே உள்ள பதிவுக்கு வந்த இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு இங்கே இடமில்லை. பேசுபொருளோடு வருபவர்கள் வரலாம்.

கருப்பட்டிக் காபி | வியாழன், மாலை 5.30

கல்லறைத் தெரு தம்பி எழுதியதைப் படித்த பிறகு நேரே பிரான்ஸுக்குத் திரும்பச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒருவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

டேனியல் த்ரோக்மே, போதகரின் உறவுக்காரப் பையன், ஆசிரியர். பிள்ளைகள் விடுதியைப் பார்த்துக்கொள்ள வா என்று கூப்பிட்டதும் வந்தார். பின்னால் என்னை நினைத்து நானே வெட்கப்படக்கூடாது என்பதற்காகப் போகிறேன் என்ற பொருளில் பெற்றோருக்கு எழுதினார். 1943 ஜூன் 29 காலையில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாபோ மாணவர் விடுதிக்குள் புகுந்தபோது அவர் அங்கே இல்லை, வேறு விடுதியில் இருந்தார். பின்பக்கம் காடு, ஓடியிருக்கலாம். ஓடாமல், பிடிபட்ட மாணவர்கள் இருக்கிற இடத்துக்கு நடந்து போனார். அவர்களோடு சேர்த்துக் கொண்டுபோனார்கள். 1944 ஏப்ரலில் மய்தானெக் என்ற நாஜி முகாமில் இறந்தார். ஊர் டாக்டர் லே ஃபொரெஸ்தியேயை அந்த வருஷம் ஆகஸ்டில் லியோன் பக்கத்தில் சுட்டுக் கொன்றார்கள்.

கடைசியில் எல்லோரும் பிழைத்த கதையாக இதைச் சொல்ல வேண்டாம். அந்த விடுதியில் பிடிபட்ட பிள்ளைகளில் பலர் திரும்பவில்லை.

லியோன்வாசி | வியாழன், இரவு 9.00

மறுகரைக்குப் பிடிக்கும் என்று இதைப் போடுகிறேன். த்ரோக்மே, தெய்ஸ், பள்ளி ஆசிரியர் தார்சிசாக் மூன்று பேரையும் லிமோஜ் பக்கத்து முகாமில் ஐந்து வாரம் போல வைத்திருந்தார்கள். விடுதலைக்கு முன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், மார்ஷலின் உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிவோம் என்று. போதகர்கள் இரண்டு பேரும் மாட்டோம் என்றார்கள். முகாம் அதிகாரி, பைத்தியக்காரர்களா, இது வெறும் சடங்கு, போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று கெஞ்சாத குறை. போடவில்லை. மறுபடி உள்ளே அனுப்பினார்கள். மறுநாள் கையெழுத்து இல்லாமலே விட்டுவிட்டார்கள்.

அப்புறம் கெஸ்டாபோ கொல்லப் பார்க்கிறது என்று தகவல் வந்து த்ரோக்மே தலைமறைவானார். கையில் 'பெகே' என்ற பெயரில் கள்ள அடையாள அட்டை. எங்கள் ஊர் ரயில் நிலையத்தில், கூடவே சின்ன மகன் இருக்கும்போது, ஜெர்மானியர்களிடம் மாட்டிக்கொண்டார். நீ பெகேயா என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், உண்மைப் பெயரைச் சொல்லிவிடுவேன் என்று முடிவு பண்ணிவிட்டாராம். மகனை நினைத்துத் தவித்தார், ஆனாலும் அதுதான் முடிவு. கேட்பதற்கு முன்னாலேயே கூட்டத்தில் நழுவித் தப்பிவிட்டார்.

மறுகரை | வியாழன், இரவு 9.40

நூற்றுக்கணக்கில் கள்ள அட்டை ஊருக்குள் புழங்கும்போது பேசாமல் இருந்தவர், தன் அட்டைக்கு மட்டும் ஒரு பொய் சொல்ல மாட்டாரா? அதுவும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு? இது எனக்குப் புனிதமாகத் தெரியவில்லை, பிடிவாதமாகத் தெரிகிறது. ஜெர்மன் போதகர் போன்ஹோஃபரைப் பாருங்கள். அதே காலம், அதே விசுவாசம், ஹிட்லரைக் கொல்லும் சதியிலேயே பங்கெடுத்தார், 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கில் தொங்கினார். அவருக்குப் பொய் ஒரு பிரச்சினையாக இருந்திருக்காது.

தேரிக்காட்டான் | வியாழன், இரவு 10.15

இருந்தது. சிறையில் இருந்தபோது உண்மை பேசுவது என்றால் என்ன என்றே உட்கார்ந்து எழுதிப்பார்த்திருக்கிறார். ஆனால் அவர் போய்ச்சேர்ந்த இடம் வேறு: கை அழுக்காகும், அதற்கு நான் பொறுப்பேற்கிறேன், மன்னிப்பு தேவனிடம். த்ரோக்மேக்குக் கொலை எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அப்பா பிரெஞ்சு, அம்மா ஜெர்மன், முதல் உலகப் போரைப் பையனாகப் பார்த்தவர்.

நம்பிக்கை ஒன்று, அது கொண்டுபோய் விட்ட இடம் இரண்டு. இது என் வாதத்துக்கு உதவவில்லை என்று தெரிகிறது. ஆனால் உண்மை இப்படித்தான் இருக்கிறது. பிடிவாதம் என்று நீங்கள் சொன்னதையும் மறுக்கப் போவதில்லை. அந்தப் பிடிவாதம் இல்லாத போதகர் முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்த அறிக்கையை வாசித்திருக்க மாட்டார்.

மேல்வீட்டறை | வியாழன், இரவு 10.32

எரிகோவில் ராகாப் வேவுகாரரை ஒளித்துவைத்துவிட்டுப் பொய்தான் சொன்னாள். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் விசுவாச வீரர் வரிசையில் அவள் பேரும் இருக்கிறது. போதகர் அந்த அதிகாரத்தை இன்னொரு தரம் வாசித்திருக்கலாம்.

(விதி 4ஐ மீறவில்லை என்று நினைக்கிறேன்.)

கல்லறைத் தெரு | வெள்ளி, காலை 7.20

தேரிக்காட்டான் அண்ணே, நேராகவே கேட்கிறேன். உங்கள் சபையில் எப்படி?

தேரிக்காட்டான் | வெள்ளி, காலை 7.55

எங்கள் சேகரத்தில் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான், சுவர் இல்லை. சபை விருந்தான அசனத்துக்கு எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவோம். பெண் எடுப்பதும் கொடுப்பதும் கிடையாது, நான் அறிந்து ஒன்றுகூட நடக்கவில்லை. திருமண்டலத் தேர்தலில் ஓட்டு எந்தக் கணக்கில் விழும் என்பது உங்களுக்கே தெரியும். பிரசங்கத்தில் இதை யாராவது தொட்டு நான் கேட்டதில்லை.

கல்லறைத் தெரு | வெள்ளி, காலை 8.10

சரி அண்ணே. சுவரைப் பற்றித் தனி இழை போடுகிறேன். போட்டோவும் இருக்கிறது. மட்டுறுத்துனர், ஊர் பெயரை மறைத்துவிட்டுப் போடலாமா?

மட்டுறுத்துனர் | வெள்ளி, காலை 8.45

போடலாம். முகங்களையும் மறைத்துவிடுங்கள்.